மஸ்டாவுக்கு எத்தனை சிலிண்டர்?

புள்ளியியல் படிக்கச் சேரும் மாணவர், சென்னையில் படித்தாலும் சிகாகோவில் படித்தாலும், முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு கார் அட்டவணையைச் சந்திக்காமல் தப்புவது கடினம். பெரும்பாலும் அது ‘எம்டிகார்ஸ்’ ஆகத்தான் இருக்கும். 32 கார்கள், ஒவ்வொன்றைப் பற்றியும் 11 விவரங்கள். ‘மோட்டார் ட்ரெண்ட்’ என்ற அமெரிக்க இதழின் 1974ஆம் ஆண்டுப் பக்கங்களிலிருந்து திரட்டப்பட்டவை. ‘ஆர்’ என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவினால் இந்த அட்டவணையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். சராசரி காண்பது முதல் வரைபடம் தீட்டுவது வரை எதைக் கற்றுக்கொடுத்தாலும் ஆசிரியர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள்.

அட்டவணையின் முதல் நிரையில் இருப்பது மஸ்டா ஆர்எக்ஸ்4. கேலனுக்கு 21 மைல், 6 சிலிண்டர், 160 கன அங்குலக் கொள்ளளவு, 110 குதிரைத்திறன். லட்சக்கணக்கான கணினித் திரைகளில் இந்த நிரை ஓடியிருக்கிறது. ஆனால் அந்தக் காரில் ஆறு சிலிண்டர் கிடையாது. சொல்லப்போனால் சிலிண்டரே கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் எஞ்சினுக்குப் பதிலாக, முக்கோண வடிவச் சுழலி உள்ளே சுற்றும் ரோட்டரி எஞ்சின் அதில் பொருத்தப்பட்டிருந்தது.

பாடம் சொல்லித்தர உருவான அட்டவணையில் முதல் நிரையே இப்படியா என்று கேட்கத் தோன்றும். இதுபோன்ற கார்த் தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அவை கற்றுத்தரும் பாடத்தில் பாதி இத்தகைய நிரைகளில்தான் இருக்கிறது.

ஏன் கார்?

புள்ளியியல் ஆசிரியருக்குக் கார் வசதியான பொருள். எடை கூடினால் எரிபொருள் அதிகம் குடிக்கும், எஞ்சின் பெரிதானால் வேகம் கூடும் என்பதெல்லாம் கணக்குப் போடும் முன்பே மாணவருக்குத் தெரியும். ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?’ என்பது நம் ஊரில் வண்டி வாங்குகிற எவரும் கேட்கிற முதல் கேள்வி. விடையை முன்கூட்டியே ஊகிக்க முடிகிற இடத்தில்தான் ஒரு கணக்கு முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் முடியும்.

இந்த வரிசையில் மூத்தது 1920களைச் சேர்ந்தது. ‘கார்ஸ்’ என்ற பெயரில் இன்றும் ‘ஆர்’ மென்பொருளில் இருக்கும் அந்தத் தொகுப்பு, ஒரு கார் எவ்வளவு வேகத்தில் போனால் பிரேக் போட்ட பின் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று 50 முறை அளந்து எழுதியது. மோர்டெகாய் எசகீல் 1930இல் வெளியிட்ட ஒட்டுறவுப் பகுப்பாய்வு நூல் வழியாக அது வகுப்பறைக்கு வந்தது. அதில் உள்ள உச்ச வேகம் மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் போன கார் நிற்க 85 அடி தேவைப்பட்டது. அதைவிட ஒரு மைல் குறைவான வேகத்தில் போன ஒரு காருக்கு 120 அடி தேவைப்பட்டிருக்கிறது.

‘எம்டிகார்ஸ்’ அடுத்த தலைமுறை. ரொனால்டு ஹாக்கிங் 1976இலும், ஹெண்டர்சனும் வெல்மனும் 1981இலும் ‘பயோமெட்ரிக்ஸ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரைகள்தான் அதைப் புகழ்பெற வைத்தன. அதற்குப் பின் வந்தது ‘ஆட்டோ எம்பிஜி’. 1970 முதல் 1982 வரையிலான மாடல்கள் அதில் உண்டு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் 1983ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எர்னஸ்டோ ராமோஸும் டேவிட் டொனஹோவும் தொகுத்தது. 406 கார்களில் மைலேஜ் தெரியாத எட்டை நீக்கிய பின் 398 மிஞ்சின. இயந்திரக் கற்றல் பழகுகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி. 1985ஆம் ஆண்டு இறக்குமதிக் கார்கள் 205ஐயும் அவற்றின் காப்பீட்டு விவரங்களையும் சேர்த்த ‘ஆட்டோமொபைல்’ தொகுப்பு இன்னொன்று. 93 கார்களைக் கொண்ட 1993ஆம் ஆண்டின் ‘கார்ஸ்93’ வேறொன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கோப்புகளிலிருந்து 1999, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளின் மாடல்களை எடுத்த 234 நிரைத் தொகுப்பு இவற்றில் இளையது.

ஒரே எஞ்சின், நான்கு விடைகள்

மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் இவற்றில் நான்கு தொகுப்புகளில் தலைகாட்டுகிறது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வேடம்.

‘எம்டிகார்ஸ்’ அட்டவணையில் ஆர்எக்ஸ்4க்கு 6 சிலிண்டர். ‘ஆட்டோ எம்பிஜி’யில் அதே ஆர்எக்ஸ்4, 1977ஆம் ஆண்டு மாடல், 3 சிலிண்டர். அங்கே மூன்று சிலிண்டர் என்று பதிவான கார்கள் மொத்தமே நான்குதான். ஆர்எக்ஸ்2, ஆர்எக்ஸ்3, ஆர்எக்ஸ்4, ஆர்எக்ஸ்7 என்று நான்கும் மஸ்டாவின் ரோட்டரி வண்டிகள். 1985ஆம் ஆண்டுத் தொகுப்பில் ரோட்டரி மஸ்டாக்களுக்கு 2 சிலிண்டர். ‘கார்ஸ்93’ மட்டும் எண் போடாமல், சிலிண்டர் நிரலில் ‘ரோட்டரி’ என்றே எழுதிவிட்டது.

எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று தள்ளிவிட முடியாது. எஞ்சினைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நியாயம் தென்படும். உள்ளே இரண்டு சுழலிகள். ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் எஞ்சின் சுவருக்கும் நடுவே ஓர் எரியறை. சுழலிகளை எண்ணினால் இரண்டு. ஒரு சுழலியின் முகங்களை எண்ணினால் மூன்று. எரியறைகளை எண்ணினால் ஆறு. இன்னொரு கணக்கும் உண்டு. சுழலி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது. ஆகவே தண்டின் ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு சுழலியிலும் ஒரு முறை எரிபொருள் பற்றுகிறது, இரண்டு சுழலிக்கும் சேர்த்து இரண்டு முறை. வழக்கமான நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினிலும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் பற்றும். அப்படிப் பார்த்தால் நான்கு என்றும் வாதாடலாம். அதை மட்டும் எவரும் எழுதவில்லை.

கொள்ளளவும் இதே கதைதான். அந்த எஞ்சினின் அளவு 1308 சிசி, ஏறக்குறைய 80 கன அங்குலம். ‘ஆட்டோ எம்பிஜி’ 80 என்றே எழுதியிருக்கிறது. ‘எம்டிகார்ஸ்’ அதைச் சரியாக இரட்டித்து 160 ஆக்கியிருக்கிறது. தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது எவ்வளவு கலவையை உள்ளிழுக்கிறது என்று சாதாரண எஞ்சினோடு ஒப்பிட்டால் 160தான் வரும். இரண்டு அட்டவணையிலும் குதிரைத்திறன் 110. மைலேஜ் 21, 21.5. முடிவு எண்கள் ஒத்துப்போகின்றன, எஞ்சினை விவரிக்கும் எண்களோ இரட்டிப்பாக விலகி நிற்கின்றன. சிலிண்டர் எண்ணிக்கையை வைத்து மைலேஜைக் கணிக்கப் புறப்படும் மாணவர் எந்த அட்டவணையைக் கையில் எடுத்தாரோ, அதற்கேற்ப மஸ்டா அவருக்கு ஊதாரியாகவோ சிக்கனக்காரராகவோ காட்சி தரும்.

‘எம்டிகார்ஸ்’ விஷயத்தில் இது யாருக்கும் தெரியாமல் நடந்ததும் அல்ல. மஸ்டாவை ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினாகவும், போர்ஷேயின் கிடைமட்ட எஞ்சினை ‘வி’ வடிவ எஞ்சினாகவும் ஹாக்கிங் பதிவு செய்திருந்ததை 1981ஆம் ஆண்டுக் கட்டுரை அடிக்குறிப்பில் சொல்கிறது. பெட்ரோல் கார்களுக்கு நடுவே மெர்சிடிஸ் 240டி என்ற டீசல் கார் இருப்பதையும் சொல்கிறது. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காக எதையும் மாற்றாமல் விட்டதாகவும் சொல்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. குறிப்பு ‘நேர்வரிசை’ என்கிறது. அட்டவணையிலோ எஞ்சின் வடிவத்துக்கான நிரலில் மஸ்டாவுக்கு 0 என்று இருக்கிறது. 0 என்றால் ‘வி’ வடிவம். அந்த நிரலுக்கு மென்பொருளின் உதவிப்பக்கத்தில் நெடுங்காலம் ‘வி/எஸ்’ என்பதைத் தவிர வேறு விளக்கமே இல்லை. பயன்படுத்தியவர்கள் அவரவருக்குத் தோன்றியபடி பொருள் கொண்டார்கள்.

மெர்சிடிஸ் 230இன் நிரையும் உற்றுப் பார்க்கத்தக்கது. கால் மைல் தூரத்தை ஓடி முடிக்க அது 22.9 விநாடி எடுத்துக்கொள்கிறது. 32 கார்களில் அதுதான் மிக மெதுவானது. அதற்கு நேர் மேலே 240டி. வெறும் 62 குதிரைத்திறன் கொண்ட டீசல் கார், எடையும் கிட்டத்தட்ட அதே அளவு. அது 20 விநாடியில் முடித்துவிடுகிறது. 95 குதிரைத்திறன் பெட்ரோல் கார் தோற்றுப்போகிறது. இரண்டு எண்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டனவோ என்ற ஐயம் கார் தெரிந்தவருக்கு உடனே எழும். புள்ளியியல் மட்டும் தெரிந்தவர் அதை ‘விலகிய மதிப்பு’ என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

கியர் வழக்கு

இந்தத் தொகுப்பை வைத்து மாணவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் நல்ல மைலேஜ் தருமா, கையால் மாற்றும் கியர் தருமா?

சராசரியைப் பார்த்தால் தீர்ப்பு ஒரு நொடியில் வந்துவிடும். 19 ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி கேலனுக்கு 17.1 மைல். 13 மேனுவல் கார்களின் சராசரி 24.4 மைல். வேறுபாடு ஏழு மைலுக்கும் மேல். எந்தச் சோதனையை வைத்துப் பார்த்தாலும் இது தற்செயல் என்று சொல்ல முடியாது.

இப்போது எடையைச் சேர்த்துப் பாருங்கள். தொடர்புப்போக்குச் சமன்பாட்டில் எடையையும் கியரையும் ஒன்றாகப் போட்டால், அந்த ஏழு மைல் ஆவியாகிவிடுகிறது. மிஞ்சுவது மைலில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எதிர்த் திசையில். கால் மைல் ஓட்ட நேரத்தை மூன்றாவதாகச் சேர்த்தால் கதை மறுபடி திரும்புகிறது. மேனுவலுக்குச் சாதகமாக ஏறத்தாழ 2.9 மைல் வருகிறது. தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான எல்லைக்குள் அது மயிரிழையில் தேறுகிறது. கணினியிடமே மாறிகளைப் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த மூன்றையும்தான் அது பொறுக்கித் தருகிறது. சரி, பத்து மாறிகளையும் அள்ளிப் போட்டால்? மைலேஜில் உள்ள ஏற்ற இறக்கத்தில் 87 விழுக்காட்டை அவை சேர்ந்து விளக்கிவிடுகின்றன. ஆனால் தனித்தனியே எடுத்தால் ஒன்றுகூட அந்த 5 விழுக்காட்டு எல்லைக்குள் தேறுவதில்லை. எடை, கொள்ளளவு, சிலிண்டர், குதிரைத்திறன் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் வந்த வினை இது.

ஒரே 32 கார்கள் நான்கு விதமாகப் பேசுவதற்குக் காரணம் கணக்கில் இல்லை. கார்களின் பெயர்களைப் படித்தால் புரியும். மேனுவல் பக்கம் இருக்கும் 13இல் ஒன்றுகூட அமெரிக்காவில் செய்யப்பட்டதில்லை. ஹோண்டா சிவிக், டொயோட்டா கொரோலா, ஃபியட் 128, டாட்சன் 710 போன்ற சிறிய வண்டிகள் ஒரு புறம். ஃபெராரி டினோ, மசெராட்டி போரா, லோட்டஸ் யூரோப்பா போன்ற பந்தய ரகங்கள் மறுபுறம். ‘ஃபோர்டு பன்டேரா’ என்று ஒன்று இருக்கிறதே என்றால், அது ஃபோர்டு எஞ்சினைப் பொருத்தி இத்தாலியில் டி டொமாசோ நிறுவனம் கட்டிய கார். ஆட்டோமேட்டிக் பக்கத்தில் காடிலாக், லிங்கன், இம்பீரியல் உட்பட 11 அமெரிக்கக் கார்கள், 7 மெர்சிடிஸ், தனித்து விடப்பட்ட ஒரு டொயோட்டா கொரோனா. ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி எடை சுமார் 1,710 கிலோ. மேனுவல் கார்களுடையது சுமார் 1,095 கிலோ. ஆக, கியரை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு டெட்ராய்ட்டையும் டோக்கியோவையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரே மாடலை இரண்டு வகைக் கியரோடும் ஓட்டிப் பார்த்த நிரை இந்த அட்டவணையில் ஒன்றுகூட இல்லை. இல்லாத தகவலை எந்தச் சமன்பாடும் கொண்டுவர முடியாது.

தலைகீழ் அளவுகோல்

எடைக்கும் மைலேஜுக்கும் நேர்கோடு போடுவது இந்த அட்டவணையின் மிகப் பழைய பயிற்சி. ஒவ்வோர் ஆயிரம் பவுண்டு எடைக்கும் மைலேஜ் 5.3 குறையும் என்று கோடு சொல்கிறது. ஏற்ற இறக்கத்தில் 75 விழுக்காட்டை எடை ஒன்றே விளக்கிவிடுகிறது. மாணவர் மகிழ்ந்து நிற்கும் இடம் இது.

கோட்டை நீட்டினால் மகிழ்ச்சி போய்விடும். 7,000 பவுண்டு, அதாவது சுமார் 3.2 டன் எடையுள்ள வண்டிக்குக் கோடு தரும் மைலேஜ் பூஜ்யத்துக்கும் கீழே. வண்டி ஓட ஓட டாங்கில் பெட்ரோல் நிறைகிறது என்று பொருளா? 1920களின் பிரேக் அட்டவணையிலும் இதே கோளாறு உண்டு. அதற்குப் போட்ட நேர்கோடு, மணிக்கு 4 மைல் வேகத்தில் போகும் கார் பிரேக்கைத் தொடும் முன்பே ஏறக்குறைய இரண்டு அடி பின்னால் நின்றுவிடும் என்கிறது. பிரேக் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று பள்ளி இயற்பியல் சொல்கிறது. அந்த வளைவைக் கோட்டுக்குள் அடக்க முயன்றதன் விலை இது.

மைலேஜ் விஷயத்தில் கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது. கேலனுக்கு எத்தனை மைல் என்பது எரிபொருள் செலவைத் தலைகீழாக்கிச் சொல்வது. கனமான காருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது எரிபொருள். ஆகவே எடையோடு நேராக ஏறுவது மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்தான். ஹெண்டர்சனும் வெல்மனும் தங்கள் கட்டுரையில் இதைத்தான் செய்தார்கள். கணினியின் தானியங்கித் தேர்வை அப்படியே ஏற்காமல், வரைபடங்களைப் பார்த்து, மைலேஜைத் தலைகீழாக்கினார்கள். பிறகு எடையையும், எடைக்கு எவ்வளவு குதிரைத்திறன் என்ற விகிதத்தையும் வைத்துச் சமன்பாடு அமைத்தார்கள். கார் தெரிந்தவர் அமைக்கும் சமன்பாடு அது. கனமான வண்டி ஏன் அதிகம் குடிக்கிறது, அதே எடையில் மிடுக்கான வண்டி ஏன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது என்ற இரண்டுக்கும் அதில் விடை உண்டு.

இது வகுப்பறைக்குள் அடங்கிவிடும் நுணுக்கம் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தை விளக்கினார்கள். 10 மைல் தரும் வண்டியை விற்று 20 மைல் தருவதை வாங்கினால் நூறு மைலுக்கு 5 கேலன் மிச்சம். 25 மைல் வண்டியை விற்று 50 மைல் வண்டி வாங்கினால் மிச்சமாவது 2 கேலன்தான். கேட்கும்போது இரண்டாவதுதான் பெரிய லாபம்போலத் தோன்றும். 2013ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்கக் கார்களின் விலைச்சீட்டில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணும் அச்சாகிறது. ஐரோப்பியர்கள் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதால் மயக்கம் நமக்கும் பொருந்தும். ‘எம்டிகார்ஸ்’ அட்டவணையின் காடிலாக் லிட்டருக்கு 4.4 கிலோமீட்டர், கொரோலா 14.4 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் போக முன்னதற்கு 22.6 லிட்டர், பின்னதற்கு 7 லிட்டருக்கும் சற்றுக் குறைவு.

யார் உள்ளே, யார் வெளியே

32 கார்களில் ஏழு மெர்சிடிஸ் என்றால், 1974இல் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய ஐந்து கார்களில் ஒன்று மெர்சிடிஸ் என்று பொருளாகாது. வாசகர் ஆவலோடு படிப்பார் என்று ஒரு மோட்டார் இதழ் எதை ஓட்டிப் பார்த்ததோ அதுதான் உள்ளே வந்தது. லோட்டஸும் மசெராட்டியும் நுழைந்தது இப்படித்தான். தொகுப்பின் காலத்தையும் மறக்கக் கூடாது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. இந்த அட்டவணையில் இருப்பவை அந்த அடி விழுவதற்கு முன் வரைபலகையில் உருவான கார்கள்.

அடி விழுந்த பிறகு நடந்ததை ‘ஆட்டோ எம்பிஜி’ காட்டுகிறது. 1970ஆம் ஆண்டு மாடல்களின் சராசரி கேலனுக்கு 17.7 மைல், 1982ஆம் ஆண்டு மாடல்களின் சராசரி 31.7 மைல். அதே காலத்தில் சராசரி எடை சுமார் 3,370 பவுண்டிலிருந்து 2,450 பவுண்டாக இறங்கியது. 1975இல் அமெரிக்கா இயற்றிய எரிசக்திச் சட்டம் நிறுவனங்களுக்கு மைலேஜ் வரம்பு வைத்தது. சிறிய ஜப்பானியக் கார்கள் சந்தையைப் பிடித்தன. ஆனால் தொகுப்பில் ஒவ்வொரு மாடலின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரே ஒரு நிரைதான். பத்து லட்சம் விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஒன்றுதான். சாலையில் ஓடிய கார்களின் சராசரி அது ஆகாது. ‘ஃபோர்டு பின்டோ’ வெவ்வேறு பதிப்புகளாக ஆறு முறை வருகிறது. ஒவ்வொரு நிரையும் மற்றதைச் சாராதது என்று எடுத்துக்கொள்ளும் சோதனைகளுக்கு இது இடிக்கும். காரின் பெயரை வைத்துப் பிரிக்கப் போகிறவருக்கு எழுத்துப் பிழைகள் காத்திருக்கின்றன. டொயோட்டா, வோக்ஸ்வாகன், மஸ்டா, செவ்ரோலே என்று பெரிய பெயர்களே எழுத்து மாறிக் கிடக்கின்றன.

தேர்வு விதியை வெளிப்படையாகச் சொன்ன தொகுப்பு ‘கார்ஸ்93’. ராபின் லாக் தொகுத்த இது, நுகர்வோர் இதழ் ஒன்றிலும் கார் வாங்குவோர் கையேடு ஒன்றிலும் சேர்ந்து இடம்பெற்ற மாடல்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தது. பிக்கப் லாரிகளும் எஸ்யூவிகளும் தகவல் முழுமையாக இல்லாததால் விலக்கப்பட்டன. ஒரே கார் இரண்டு பெயரில் விற்றால் ஒன்றுக்குத்தான் இடம். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ‘எந்த நாட்டுக் கார்’ என்ற நிரல் படுத்துகிறது. மிட்சுபிஷி ஜப்பானில் செய்து டாட்ஜ் பெயரில் விற்ற கோல்ட், அமெரிக்கக் கார் என்று பதிவாகியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ என்ற பெயரில் விற்ற மெட்ரோ, அமெரிக்காவைச் சேராதது என்று பதிவாகியிருக்கிறது. மெட்ரோ வேறு யாருமில்லை, சுசுகி கல்டஸ்தான். அதன் செடான் வடிவத்தை மாருதி 1000 என்ற பெயரில் இந்தியச் சாலைகளில் பலர் பார்த்திருப்பார்கள். மூன்று சிலிண்டர் மெட்ரோ, ஊருக்குள் 46 மைல், நெடுஞ்சாலையில் 50 மைல் கொடுத்து அந்த 93இல் முதலிடம் பிடிக்கிறது. ‘வெளிநாட்டுக் கார்கள் சிக்கனமானவை’ என்ற முடிவுக்கு அதன் பங்களிப்பு கணிசம்.

1999–2008 தொகுப்புக்கு வேறு விதி. அந்த இடைவெளியில் ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்பு வெளியான 38 மாடல்கள் மட்டும் அதில் உண்டு. நன்றாக விற்றவற்றைத் தேர்ந்தெடுக்க எளிய வழி அது. அந்தப் பத்தாண்டில் அறிமுகமாகித் தோற்றுப்போன காரோ, இடையில் வந்து வெற்றி பெற்ற காரோ உள்ளே இருக்க வழியில்லை.

வெற்றுக் கட்டங்கள்

‘ஆட்டோ எம்பிஜி’யில் ஆறு கார்களின் குதிரைத்திறனுக்கு நேரே கேள்விக்குறி நிற்கிறது. ஃபோர்டு பின்டோ, ஃபோர்டு மாவரிக், ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா, இரண்டு ரெனோ, ஒரு ஏஎம்சி கான்கார்டு. அந்த ஆறு குறிகளால் கணினி முழு நிரலையும் எழுத்தாகப் படித்துவிட, முதன்முறை பயன்படுத்துகிறவர் திகைத்துப்போவார். பலர் ஆறு நிரைகளையும் நீக்கிவிடுகிறார்கள். பாடநூல்களில் இந்தத் தொகுப்பு 392 கார்களாக வருவது அதனால்தான். இந்த ஆறு கார்களுக்கும் எஞ்சின் இருந்தது, அதற்கு ஒரு குதிரைத்திறனும் இருந்தது. எழுதியவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இத்தகைய கட்டத்தை மதிப்பிட்டு நிரப்புவதில் பொருள் உண்டு.

1985ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இதே கேள்விக்குறிகள் உண்டு. சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் போய்வரும் நீளம் என்ற இரண்டு நிரல்களில் நான்கு கார்களுக்கு மதிப்பு இல்லை. நான்கும் மஸ்டா ரோட்டரி வண்டிகள். சிலிண்டர் இல்லாத எஞ்சினுக்கு விட்டம் ஏது? பிஸ்டன் இல்லாத இடத்தில் நீளம் ஏது? ஆனால் விடுபட்ட மதிப்புகளைச் சராசரியால் நிரப்புவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளில் இந்தத் தொகுப்பு பிரபலம். நிரப்பிய பின் அந்த நான்கு மஸ்டாக்களுக்கும் சராசரி விட்டமுள்ள, உலகில் எங்கும் இல்லாத பிஸ்டன்கள் முளைத்துவிடுகின்றன. கணினி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

‘கார்ஸ்93’ சிலிண்டர் நிரலில் ‘ரோட்டரி’ என்று எழுதும் அளவுக்கு நேர்மையாக இருந்தது. ஆனால் பின் இருக்கை இடவசதி நிரலில் கார்வெட்டுக்கும் ஆர்எக்ஸ்7க்கும் ‘தகவல் இல்லை’ என்று போட்டிருக்கிறது. இரண்டும் இருவர் மட்டும் உட்காரும் கார்கள். பின் இருக்கை இருந்தால்தானே இடவசதி.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு இந்தச் சிக்கல் ஓரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. சிலிண்டர், கொள்ளளவு, கார்புரேட்டர் எண்ணிக்கை என்று ‘எம்டிகார்ஸ்’ அட்டவணையின் நிரல்களில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால், மின்காருக்கு மிஞ்சுவது எடையும் குதிரைத்திறனும் ஓட்ட நேரமும் இன்னும் ஓரிரண்டும்தான். மைலேஜுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வழி கண்டிருக்கிறது. 33.7 கிலோவாட் மணி மின்சாரத்தை ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமமாக வைத்து, மின்காருக்கும் ‘கேலனுக்கு இணையாக இத்தனை மைல்’ என்று எண் தருகிறது. ரோட்டரி எஞ்சினுக்குச் சிலிண்டர் எண்ணிக்கை தேடியவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு வேறுபாடு, இங்கே மாற்று விகிதம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. சிலிண்டர் நிரலுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. முகமையின் கோப்பில் மின்கார்களுக்கு நேரே அது வெறுமையாகவே கிடக்கிறது. அந்தக் கோப்பை இறக்கி, வெற்றுக் கட்டம் உள்ள நிரைகளை நீக்கும் கட்டளையைப் பழக்கத்தில் தட்டுகிற மாணவர், சந்தையின் மின்கார்கள் அனைத்தையும் ஒரே அடியில் துடைத்துவிடுவார்.

புதிதாகக் கார் அட்டவணை தொகுக்கிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. ‘தெரியவில்லை’ என்பதற்கு ஒரு குறியீடு, ‘இந்தக் காருக்குப் பொருந்தாது’ என்பதற்கு வேறொரு குறியீடு. ஒவ்வொரு நிரலுக்கும் எதை, எப்படி எண்ணினோம் என்று ஒரு வரி. கார்களை எந்த விதிப்படி சேர்த்தோம் என்று இன்னொரு வரி. இங்கே பார்த்த ஆறு தொகுப்புகளில் தேர்வு விதியைத் தெளிவாக எழுதி வைத்தவை இரண்டு. இரண்டு வகை வெறுமையைப் பிரித்துக் காட்டும் குறியீடு எதிலும் இல்லை.